பேஸ் கிடார்காரன் காதுல 2024: இந்த வருஷம் எனக்குப் பிடிச்ச பாப் பாட்டுங்க (சண்டை போடலாம், மரியாதையா)

நாலுகம்பி | 27 டிசம்பர் 2024, இரவு 11:48

மார்கழி. முகூர்த்தம் கிடையாது, தை பொறக்கற வரைக்கும் நம்ம ட்ரூப்புக்கு வேலை கிடையாது. நியூ இயருக்கு ஈசிஆர்ல ஒரு பார்ட்டி இருக்கு, அதுலயும் டிஜே வர்றாராம், நீங்க நாலு பாட்டு வாசிச்சா போதும்னுட்டாங்க. சரி கை சும்மா இருக்கேன்னு இந்த வருஷம் திரும்பத் திரும்பக் கேட்ட வெளிநாட்டு பாப் பாட்டுங்களப் பத்தி எழுதறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் பத்தொன்பது வருஷமா பேஸ் வாசிக்கிறவன். எந்தப் பாட்டு போட்டாலும் எனக்கு வார்த்தை கடைசியாதான் காதுல விழும். கார்ல என் பொண்ணு (ஒன்பதாவது படிக்கிறா) ஒரு பாட்டைப் போட்டு எப்டிப்பா இருக்குன்னு கேட்டா, இரு இன்னும் கீழ்ப்பக்கம் கேட்டு முடிக்கலன்னுதான் சொல்லுவேன், அதுக்குள்ள அவ அடுத்த பாட்டுக்குப் போயிடுவா. அதனால இது விமர்சகர் லிஸ்ட் கிடையாது, கீழ்வீட்டுக்காரன் லிஸ்ட்.

ஹோஸியரோட 'டூ ஸ்வீட்'. அயர்லாந்துக்காரர், மார்ச்ல வந்த பாட்டு. தூக்கிட்டுப் போறதே பேஸ்தான். டொங்குன்னு இறங்கி ஒரு இடைவெளி விட்டு மறுபடி வரும் பாருங்க, அந்த இடைவெளியில இருக்கு விஷயம். காமெடி என்னன்னா இது அவர் முந்தின ஆல்பத்துக்காகப் பண்ணி அதுல சேர்க்காம விட்ட பாட்டு. எடுத்து வச்சிருந்ததைத் தனியா விட்டாரு, அமெரிக்காவுல நம்பர் ஒன் வரைக்கும் போச்சு. நம்ம ஊர்லயும் எத்தனை ட்யூன் இப்டி எந்த டைரக்டர் பீரோவுல கிடக்கோ.

பில்லி ஐலிஷோட 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்'. டி, பி மைனர், ஈ மைனர், ஏ. அவ்ளோதான். கீபோர்டு கிளாஸ்ல ரெண்டாவது மாசம் சொல்லிக் குடுக்கற கார்டு (சுரங்களைச் சேத்து ஒண்ணா அழுத்தறது) வரிசை, பாட்டு முழுக்க கிட்டத்தட்ட அதேதான் சுத்துது. ஆனா அண்ணன் ஃபினியஸ் என்ன பண்றாருன்னா ஒவ்வொரு சுத்துலயும் ஒரு துணியை மேல போத்திக்கிட்டே போறாரு, கடைசியில அந்தப் பொண்ணு இத்தனை வருஷமா முணுமுணுன்னு பாடிட்டிருந்தது திடீர்னு குரலைத் திறந்து விடுது. கார்டு மாறாம ஆளைக் கடைசி வரைக்கும் உக்கார வைக்கறது ரொம்பக் கஷ்டம்ங்க, வாசிச்சுப் பாத்தவனுக்குத் தெரியும். அதே ஆல்பத்துல 'லஞ்ச்'னு ஒண்ணு, அது முழுக்க பேஸ் ராஜ்ஜியம், அதைப் பத்தி எழுதினா விடிஞ்சிரும்.

சாப்பல் ரோனோட 'குட் லக், பேப்'. எண்பதுகள் சிந்தசைசர் சத்தம். முடிவுல டேப் ரெக்கார்டர் பேட்டரி போன மாதிரி பாட்டே மெல்ல மெல்ல இழுத்துக்கிட்டுப் போய் நிக்கும். முதல் தடவை என் போன்தான் ரிப்பேர்னு நினைச்சேன்.

பென்சன் பூனோட 'பியூட்டிஃபுல் திங்ஸ்' எனக்கு ஒத்து வரல. நல்லா பாடறாரு, ஆனா பல்லவியில அவ்ளோ கத்தல் எதுக்கு? மூணு மூணா எண்ணுற பாட்டுங்கறதால மட்டும் மன்னிச்சுட்டேன்.

இப்ப முதல் இடம். சப்ரினா கார்பென்டர், 'எஸ்ப்ரெஸ்ஸோ'. ஏப்ரல்ல வந்துச்சு. ஒரு ராத்திரி பூரா ஹெட்போன் போட்டு உக்காந்து அந்த க்ரூவை எழுதி எடுத்தேன். வேகம் நிமிஷத்துக்கு 104 தட்டு, சி மேஜர். எல்லா வாத்தியமும் ஒரே ரூம்ல கண்ணைப் பாத்து வாசிச்ச மாதிரி ஒரு உரசல். யாருய்யா இந்த பேண்டுன்னு க்ரெடிட் தேடினேன். எழுதினது நாலு பேர், ப்ரொட்யூசர் ஜூலியன் புனெட்டா, அதெல்லாம் சரி. ஆனா க்ரூவோட முக்கியமான துண்டுங்க ஸ்ப்ளைஸ்ங்கற வெப்சைட்ல காசு கட்டினா யார் வேணா இறக்கிக்கக்கூடிய ரெடிமேட் லூப்புங்களாம், அதாவது திரும்பத் திரும்ப ஓட விடற சின்னச் சின்ன வாசிப்புத் துண்டுங்க. ஆலிவர்னு ஒருத்தர் போட்ட பேக்.

ரெண்டு நாள் அந்தப் பாட்டையே கேக்கல. மூணாவது நாள் மறுபடி போட்டேன். இன்னும் நல்லாத்தான் இருக்கு, என்ன பண்றது. அதான் முதல் இடம், கொஞ்சம் கடுப்போட.

பேட்_பாலு | 28 டிசம்பர், காலை 7:15

அண்ணே வணக்கம், மதுரைலருந்து. நீங்க ராத்திரி பூரா எழுதி எடுத்ததை அந்தப் பய ஒரு க்ளிக்ல எடுத்துருக்கான்னு நெனச்சா சிரிப்பு தாங்கல. ஆனா ஒண்ணு, 104, 105 இந்த வேகத்துலதான் இந்த வருஷம் பாதிப் பாட்டு. எஸ்ப்ரெஸ்ஸோ 104, பேர்ட்ஸ் 105. நான் ஆக்டோபேட்ல (குச்சியால அடிக்கிற எலக்ட்ரானிக் ட்ரம்) ஒரே பேட்டர்னை வச்சிட்டு ரெண்டையும் ஒட்டி மெட்லி அடிச்சிருவேன், கூட்டத்துல ஒருத்தனுக்கும் தெரியாது.

ராஜபக்தன்_76 | 28 டிசம்பர், காலை 9:02

நாலு கார்டு சுத்தறதுக்கு எதுக்குய்யா இவ்ளோ பெரிய பதிவு. எங்க ஆளு இளையராஜா ஒரு இண்டர்லூட்ல போடற கார்டை வச்சு இவனுங்க ஒரு ஆல்பமே பண்ணிருவானுங்க. பேஸ் பத்திப் பேசறவர், ராஜா பாட்டுங்களுக்கு பேஸ் வாசிச்ச சசிதரன் வாசிச்சதைக் கேட்டு வளந்தவராத்தான் இருப்பீங்க, அப்புறம் எப்படி இந்தக் கடையில வாங்கின லூப்பை முதல் இடத்துல வைக்க மனசு வருது? அதுவும் ஒரு தமிழ்ப் பாட்டு கூட இல்ல லிஸ்ட்ல. வெக்கமா இல்லையா.

மிக்ஸர்_மாமா | 28 டிசம்பர், காலை 10:40

பக்தரே காலங்காத்தால காபி குடிச்சீங்களா இல்லையா.

வடபழனில இருபது வருஷமா மிக்ஸிங் பண்றேன், லூப் விஷயம் கொஞ்சம் சொல்றேன். ஸ்ப்ளைஸ்ங்கறது ஒரு மளிகைக் கடை. மாசக் கட்டணம் கட்டினா ட்ரம், பேஸ், கிடார், குரல்னு துண்டு துண்டா எடுத்துக்கலாம், அதுக்கப்புறம் ராயல்ட்டி கேட்டு யாரும் வர மாட்டாங்க. எஸ்ப்ரெஸ்ஸோவுல எந்தெந்தத் துண்டுன்னு பசங்க யூட்யூப்ல வரிசையா அடுக்கிக் காட்டிட்டானுங்க, பாத்திருப்பீங்க. ஆனா அதே துண்டு அந்தக் கடையில எல்லாருக்கும்தானே கிடைச்சுது? எல்லார் கையிலயும் அதே பருப்பு, அதே புளி. சாம்பார் ஏன் ஒருத்தர் வீட்ல மட்டும் மணக்குது?

இது புதுசும் இல்ல. 2007ல ரிஹானாவோட 'அம்ப்ரெல்லா' வந்துச்சே, அந்த ட்ரம் ஆப்பிள் கம்ப்யூட்டர்ல இலவசமா வர்ற கராஜ்பேண்ட் லூப். ஓசி லூப்! உலகமே பாடுச்சு.

இன்னொண்ணு. லூப்னா மிஷின் துப்பினதுன்னு நினைக்கிறாங்க. அதையும் ஒரு மனுஷன் எங்கயோ உக்காந்து வாசிச்சிருக்கான், மைக் வச்சு எடுத்திருக்கான். பேரு மட்டும் இருக்காது.

நாலுகம்பி | 28 டிசம்பர், மதியம் 1:20

பக்தன் சார், சசிதரன் வாசிச்சதைக் கேட்டுதான் கிடாரை விட்டுட்டு பேஸுக்கு வந்தேன், அதுல ஒரு சந்தேகமும் வேணாம். அந்த லைன் தனியாவே ஒரு பாட்டு, மேல பாடறவர் வேற பாட்டு, ரெண்டும் முட்டிக்காம போகும். அதை இவங்ககிட்ட எதிர்பாக்க முடியாது, எதிர்பாக்கவும் கூடாது. பிரியாணி கடையில போய் தயிர்சாதம் ஏன் இல்லன்னு கேப்பீங்களா?

தமிழ்ப் பாட்டு இல்லைன்னு சொன்னீங்க. சினிமா வேண்டாம்னு வச்சதுனாலதான். சினிமா இல்லாத பாப்னு எடுத்தா சாய் அபயங்கரோட 'கட்சி சேர' ஜனவரில வந்துச்சு, அப்புறம் மே மாசம் 'ஆச கூட'. படம் இல்ல, ஹீரோ இல்ல, ரெண்டு பாட்டும் ஊர் பூரா ஓடுச்சு. இந்த வருஷ ரிசப்ஷன்ல எங்ககிட்ட அதிகமா கேட்டதுல 'கட்சி சேர' கண்டிப்பா உண்டு. திப்பு, ஹரிணி பையன், வீட்லயே சங்கீதம், ஆனா சத்தம் அவங்க காலத்து சத்தம் கிடையாது, இந்தத் தலைமுறையோட சத்தம். லிஸ்ட்ல போடாதது என் தப்புதான். நாலாவது இடம்னு வச்சுக்கங்க.

மாமா சொன்ன கடைசி வரி என்னமோ பண்ணுது. அதை அப்புறம் எழுதறேன், ரிகர்சல் இருக்கு.

ஸ்காபரோ_பெடியன் | 28 டிசம்பர், இரவு 9:55

அண்ணை, கென்ட்ரிக் லமார் ராப்பர் ட்ரேக்கைத் திட்டிப் பாடின 'நாட் லைக் அஸ்' இல்லாம 2024 பட்டியலோ? எனக்கு விளங்கேல்ல.

நான் கனடா ஸ்காபரோவில இருக்கிறன், ட்ரேக்கின்ட ஊர். மே 4 அந்தப் பாட்டு வந்த கிழமை இஞ்ச எங்கட பெடியள் ரெண்டாப் பிரிஞ்சிட்டாங்கள். கென்ட்ரிக் எங்கட ஊர்க்காரனைப் பேசிப்போட்டான், அந்தப் பாட்டை இஞ்ச போடக்கூடாதெண்டு ஒரு கூட்டம், பாட்டு நல்லாயிருந்தா போடத்தானே வேணும் எண்டு மற்றக் கூட்டம். ஜூன்ல ஒரு கலியாண வீடு, டிஜே அதைப் போட்டவுடன ட்ரேக்கின்ட ஆக்கள் எல்லாரும் ரோல்ஸ் எடுக்கப் போற மாதிரி எழும்பிப் போயிட்டினம். ஆனா ரோல்ஸ் மேசையில நிண்டு காலால தாளம் போட்டதை நான் என்ட கண்ணால பாத்தனான்.

ஜூன் 19 லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கென்ட்ரிக் ஒரு கச்சேரி வச்சவன், அதில இந்தப் பாட்டை அடுத்தடுத்து அஞ்சு தரம் பாடினவன். அஞ்சு தரம்! எங்கட ஆக்கள் கோயில் திருவிழாவில கூட ஒரு பாட்டை அஞ்சு தரம் ஒன்ஸ்மோர் கேக்கமாட்டினம்.

மிக்ஸர்_மாமா | 28 டிசம்பர், இரவு 11:10

தம்பி சொன்னது கரெக்ட். மஸ்டர்ட்னு ப்ரொட்யூசர், மேற்குக் கரை ஆளு, அவர் பீட்ல எப்பவுமே காலி இடம் நெறைய இருக்கும். மங்க் ஹிக்கின்ஸ்னு ஒரு சாக்ஸபோன்காரர் ரே சார்ல்ஸ் பாட்டு ஒண்ணை அறுபதுகள்ல வாசிச்சு வச்சிருந்தாரு, அதுலருந்து ஒரு துண்டை வெட்டி இதுல போட்டிருக்காரு. அரை நூற்றாண்டு முன்னாடி வாசிச்சவன் மூச்சு 2024ல திட்டுற பாட்டுக்குள்ள போய் நிக்குது. இதையும் லூப்னு தள்ளிருவீங்களா பக்தரே?

ராஜபக்தன்_76 | 29 டிசம்பர், காலை 8:30

சாம்பிள் வேற, லூப் கடை வேற. சாம்பிள்னா மூலம் யார்னு தெரியும், பேர் போடுவான், காசு குடுப்பான். லூப் கடையில அனாதை.

(காபி குடிச்சாச்சு.)

பிளிங்க்_திருச்சி | 29 டிசம்பர், காலை 11:05

ஹலோ அங்கிள்ஸ், இங்க யாருமே 'ஆபட்டூ' பத்திப் பேசலையே??? பிளாக்பிங்க் ரோஸே ப்ளஸ் ப்ரூனோ மார்ஸ், அக்டோபர் 18. எங்க ஹாஸ்டல்ல செமஸ்டர் பரிட்சை நேரத்துல அது ஓடாத ரூமே இல்ல, வார்டன் மேடமே ஆபட்டூ ஆபட்டூன்னு முனகிட்டுப் போனாங்க. அது கொரியாவுல ஃப்ரெண்ட்ஸ் சேந்து குடிக்கும்போது ஆடற கேம், அபார்ட்மெண்டைத்தான் அவங்க அப்டி சொல்வாங்க. எல்லாரும் கைய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வைக்கணும், ஒருத்தர் ஒரு நம்பர் சொல்லணும், கீழ இருக்கற கையிலருந்து ஒவ்வொண்ணா உருவி மேல வச்சிட்டே எண்ணணும், அந்த மாடி நம்பர் யார் கைல வருதோ அவங்க குடிக்கணும். நாங்க ரோஸ்மில்க் வச்சு ஆடினோம் சத்தியமா.

நாலுகம்பி | 29 டிசம்பர், மதியம் 12:15

ரோஸ்மில்க்னே வச்சுக்குவோம்மா.

அந்தப் பாட்டு எனக்கும் பிடிக்கும். டோனி பேசில் பாடின 'மிக்கி'ன்னு எண்பதுகள்ல ஒரு பாட்டு இருக்கு, கைதட்டி கோஷம் போடற மாதிரி, அந்த வாசனையை இதுல வச்சிருக்காங்க. அதை எழுதினவங்க பேரையும் இந்தப் பாட்டு க்ரெடிட்ல சேத்திருக்காங்க. பக்தன் சார் கவனிக்க, பேர் போட்டிருக்கு, காசு குடுத்திருக்கு.

கமலி_வயலின் | 29 டிசம்பர், மாலை 4:48

சபா கேன்டீன்ல காபிக்கு க்யூல நின்னுண்டே டைப் பண்றேன், தப்பிருந்தா மன்னிக்கணும்.

நாலுகம்பி சார் லிஸ்ட்ல ரெண்டு விஷயம். 'டை வித் எ ஸ்மைல்' ஏன் இல்ல? லேடி காகாவும் ப்ரூனோ மார்ஸும். மூணு மூணா நகர்ற நடை, அந்த ஆட்டத்துல ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வழி விட்டுப் பாடறா. ஜோடிப் பாட்டுன்னா யார் குரல் பெருசுன்னு போட்டிதான் வழக்கமா இருக்கும், காகா நினைச்சா அவரை மூழ்கடிச்சிருக்கலாம். பண்ணல.

ரெண்டாவது, பியான்சேயோட 'டெக்ஸஸ் ஹோல்டெம்'. அதுல பேஞ்சோவும் வயோலாவும் வாசிச்சது ரியானன் கிடென்ஸ். அவங்க வாழ்நாள் வேலையே பேஞ்சோ ஆப்பிரிக்காவுலருந்து அடிமையா கொண்டு போகப்பட்டவங்களோட வந்த வாத்தியம்னு திரும்பத் திரும்ப வாசிச்சுக் காட்டறதுதான். இன்னிக்கு அது வெள்ளைக்காரன் கன்ட்ரி வாத்தியம்னுதான் ஊருக்கே தெரியும். அவங்களைக் கூப்பிட்டு முதல் சத்தமே பேஞ்சோவா வச்சு, அந்தப் பாட்டு பில்போர்ட் கன்ட்ரி பட்டியல்ல முதல் இடத்துக்குப் போச்சு. கறுப்பினப் பெண் ஒருத்தர் அங்க முதல் இடத்துக்கு வந்தது அதான் முதல் தடவை. யார் வாசிச்சாங்கறது இங்க வெறும் க்ரெடிட் விஷயம் இல்ல சார், பாட்டோட அர்த்தமே அதுலதான் இருக்கு.

டோக்கன் கூப்பிடறா, அப்புறம் வரேன்.

பேட்_பாலு | 29 டிசம்பர், மாலை 5:30

கன்ட்ரின்னதும் ஞாபகம், ஷபூஸியோட 'ஏ பார் சாங்' பத்தொன்பது வாரம் அமெரிக்காவுல நம்பர் ஒன், லில் நாஸ் எக்ஸ் 2019ல வச்ச ரெக்கார்டுக்குச் சமமாப் போயிருச்சு. 2004ல வந்த ஜே-க்வான் பாட்டை எடுத்து கவ்பாய் தொப்பி மாட்டி விட்டாப்ல. எனக்கு ஒரு வாட்டி கேட்டா போதும். பத்தொன்பது வாரம்லாம் எதுக்குன்னு தெரியல.

கமலி மேடம், ரெண்டு வடை பார்சல்.

ஊர்க்குருவி | 29 டிசம்பர், இரவு 8:20

பேஸ் பேஸ்னு பேசறீங்க, ராப்பர் ஹனுமான்கைண்ட் எங்க? 'பிக் டாக்ஸ்' கேட்டப்ப என் ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சுன்னு நினைச்சேன். பொன்னானி பக்கம் மரணக் கிணத்துக்குள்ள பைக் சுத்த, நடுவுல நின்னு பாடறான். நம்ம திருவிழாவுல சின்ன வயசுல பலகை மேல ஏறி நின்னு எட்டிப் பாத்த அதே மரணக் கிணறு. மலப்புறத்துப் பையன், ஹூஸ்டன்ல வளந்தவன், பெங்களூருல இருந்துக்கிட்டு பில்போர்ட்ல 23 வரைக்கும் போயிட்டான். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கிடையாது, செட்டு கிடையாது. பைக் ஓட்டறவங்கதான் அதுல ஹீரோ.

நாலுகம்பி | 29 டிசம்பர், இரவு 10:05

ஊர்க்குருவி, அதுல பேஸ்ங்கறது என் தொழில் பேஸே கிடையாது, கல்மின்னு ப்ரொட்யூசர் பண்ண உறுமல். கேட்டா பல் ஆடுது. பிடிச்சிருக்கு.

உண்மையைச் சொன்னா பேஸ்னா கம்பின்னு நான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். ஸ்டீவி வொண்டர் 1972லயே 'சூப்பர்ஸ்டிஷன்'ல மூக் சிந்தசைசர்ல தன் கையாலயே பேஸ் வாசிச்சிட்டாரு. 1984ல ப்ரின்ஸ் 'வென் டவ்ஸ் க்ரை' பண்ணி முடிச்சிட்டு, பேஸ் ட்ராக்கையே தூக்கி எறிஞ்சாரு. பேஸே இல்லாத பாட்டு, அந்த வருஷம் அமெரிக்காவுல பெரிய ஹிட் அதான். எங்க ஜாதிக்கே அவமானம், ஆனா என்ன பாட்டு! இப்ப தென்னாப்பிரிக்காவுல அமாபியானோன்னு வருதே, அதுல லாக் ட்ரம்னு டும் டும்னு பேசுற சத்தம்தான் பேஸு, ட்ரம்மும் அதான். வாசிக்கறது கம்ப்யூட்டர்ல.

சரி, நேத்து அப்புறம் எழுதறேன்னு சொன்னேன்ல.

அஞ்சாறு வருஷம் முன்னாடி ஒருத்தர் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டாரு. பேர் வேணாம். தாளத்துக்கு க்ளிக் சத்தம் போட்டு விட்டு, எட்டு பார் (தாளச் சுத்து), எட்டு பாரா எல்லா கட்டைலயும் வாசிங்கன்னாரு. எந்தப் படம்னு கேட்டா படம் இல்ல, லைப்ரரிக்குன்னாரு. ரெண்டு மணி நேரம், கையில ரெண்டாயிரம், டீ, ரெண்டு பிஸ்கட். சந்தோஷமாத்தான் வந்தேன். அதுக்கப்புறம் ஒரு நாள் டிவில ஒரு நகைக்கடை விளம்பரம், பொண்ணு படிச்சிட்டிருக்கா, நான் சட்டை அயர்ன் பண்ணிட்டிருக்கேன், கீழ ஓடுது என் லைன். நான்தான். மூணாவது பார்ல என் விரல் கம்பில வழுக்கி ஒரு கீச் சத்தம் வரும், அதைக் கூட எடுக்கல. பொண்ணுகிட்ட இது அப்பாம்மான்னேன், எதுப்பான்னா. பேஸுன்னேன். எங்கப்பா கேக்குதுன்னா. அதுக்குள்ள அடுத்த விளம்பரம் வந்துருச்சு, சட்டையும் லேசா கருகிருச்சு.

அதான் எஸ்ப்ரெஸ்ஸோ மேல கடுப்பும் அதான், முதல் இடமும் அதான். மாமா சொன்ன அந்தப் பேரில்லாதவன் கட்சில நானும் இருக்கேன்.

ராஜபக்தன்_76 | 30 டிசம்பர், காலை 7:50

நாலுகம்பி, நேத்து அனாதைன்னு எழுதினது உங்களைச் சொல்லல. தப்பா எடுத்துக்காதீங்க.

அந்த விளம்பரம் எதுன்னு தனியா சொல்லுங்க, கேக்கணும்.

மிக்ஸர்_மாமா | 30 டிசம்பர், மதியம் 12:30

இந்த வருஷம் லூப்பைத் தாண்டியும் போயிட்டோம். ஜனவரில 'லால் சலாம்' படப் பாட்டுல ரஹ்மான், மறைஞ்சு போன பாடகருங்க பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேர் குரலையும் ஏ.ஐ. வச்சு கொண்டு வந்தாரு, குடும்பத்துகிட்ட அனுமதி வாங்கி, காசும் குடுத்து. அப்புறம் 'கோட்' படத்துல மறைஞ்ச பவதாரிணி குரல். செப்டம்பர்ல 'வேட்டையன்' படத்து 'மனசிலாயோ'வுல மறைஞ்ச மலேசியா வாசுதேவன். அந்தக் குரல் ஸ்பீக்கர்ல வந்தப்ப எனக்கு ஒரு நிமிஷம் கை ஓடல. சந்தோஷமா பயமான்னு இன்னமும் சொல்லத் தெரியல. அனுமதி வாங்கினது சரி, மரியாதை. ஆனா ஃபேடர்ல கை வச்சிருக்கறவனுக்கு ஒரு விஷயம் உறுத்தும்: பாடகர்கிட்ட இன்னொரு டேக் போலாமான்னு கேக்கறது என் வேலை. அங்க யார்கிட்ட கேக்கறது?

கமலி_வயலின் | 30 டிசம்பர், மதியம் 2:10

மாமா, இதுக்குத் தனி இழை போடுங்கோ. இதுல பேச ஆரம்பிச்சா பாப் பாட்டுக்குத் திரும்பி வர மாட்டோம்.

வடை தீந்து போச்சு பாலு.

ஸ்காபரோ_பெடியன் | 3 பிப்ரவரி 2025, காலை 10:40

இழையை எழுப்பிறன், மன்னிக்கவும். கிராமி பாத்தனீங்களோ? 'நாட் லைக் அஸ்' அஞ்சு விருது. அஞ்சு தரம் பாடினதுக்கு அஞ்சு. இஞ்ச ட்ரேக்கின்ட ஆக்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் பூட்டியிட்டினம்.

நாலுகம்பி அண்ணையின்ட எஸ்ப்ரெஸ்ஸோவுக்கும் ஒண்டு கிடைச்சது, தனிப் பாடகர் பாப் பாட்டுக்கு. கமலி அக்கான்ட 'டை வித் எ ஸ்மைல்'க்கும் ஒண்டு. பில்லி ஐலிஷுக்கு ஏழு பரிந்துரை, ஒண்டும் இல்லை. அது எனக்கும் கவலைதான்.

கமலி_வயலின் | 3 பிப்ரவரி, மதியம் 1:05

நம்ம சென்னைல பிறந்து வளந்த சந்திரிகா டண்டனுக்கும் ஒண்ணு, 'திரிவேணி'ங்கற ஆல்பத்துக்கு. இந்திரா நூயியோட அக்கா. எங்காத்துல காலைலருந்து அதே பேச்சு, பியான்சேக்கு ஆல்பம் விருது கிடைச்சதைச் சொன்னா யாரும் காதுல வாங்கிக்கல.

நாலுகம்பி | 3 பிப்ரவரி, இரவு 11:30

பில்லிக்கு ஒண்ணு கூட இல்லைங்கறது அநியாயம். நாலு கார்டுக்கு ஒரு விருதாவது குடுத்திருக்கலாம்.

தை பொறந்ததுலருந்து மூச்சு விட நேரமில்ல, அதான் இந்தப் பக்கம் வரல. போன வாரம் ஒரு ரிசப்ஷன். பொண்ணு 'டை வித் எ ஸ்மைல்'லதான் மேடைக்கு வருவேன்னுடுச்சு. எங்க ட்ரம்மர் வெளியூர், பதிலுக்கு வந்த பையன் ஆறு எட்டுத் தாளம் (அந்த மூணு மூணா நகர்ற நடை)ன்னதும் நம்ம குத்து ஆறு எட்டை எடுத்து விட்டுட்டான். ரெண்டு பார் எனக்கு வேர்த்துருச்சு. ஆனா மாப்பிள்ளை ஃப்ரெண்ட்ஸ் பயங்கர குஷியாயிட்டானுங்க, பொண்ணும் சிரிச்சிக்கிட்டே ஆடிட்டேதான் வந்துச்சு. காகா கேட்டிருந்தா அந்த வெர்ஷனையே வச்சிருப்பாங்க.

அப்புறம் எஸ்ப்ரெஸ்ஸோ. கீபோர்டு தம்பி லேப்டாப்ல ட்ராக் வச்சிருந்தான், வேணாம் நானே கீழ வாசிக்கிறேன்னேன். ஒரிஜினல்ல இல்லாத ரெண்டு நோட்டு சேத்து வாசிச்சேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கல, எல்லாரும் ஐஸ்கிரீம் கவுண்டர்ல. சவுண்ட்காரர் மட்டும் அங்கருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு.

மிக்ஸர்_மாமா | 4 பிப்ரவரி, காலை 9:20

நாலுகம்பி, ஞாயித்துக்கிழமை காலைல ஸ்டுடியோ காலிதான். கிடாரை எடுத்துட்டு வா. எட்டு எட்டு பாரா நாப்பது துண்டு எடுப்போம், கடையில நானே ஏத்தறேன். ஒவ்வொரு ஃபைல் பேர்லயும் முதல்ல உன் பேரு, அப்புறம்தான் வேகமும் கட்டையும். வர்ற காசு உனக்கு, கரண்ட் பில் எனக்கு.

நாலுகம்பி | 4 பிப்ரவரி, காலை 9:26

வரேன் மாமா. 104 மட்டும் வேணாம். அந்த கீச் சத்தத்தை ஒண்ணுல வேணும்னே வைக்கப்போறேன், பொண்ணு கண்டுபிடிக்கறாளான்னு பாக்கணும்.

பேட்_பாலு | 4 பிப்ரவரி, காலை 9:41

அண்ணே மதுரைலருந்து பஸ் சார்ஜ் குடுத்தா நானும் வர்றேன், ஆறு எட்டு எதுன்னு அந்தப் பையனுக்கும் சொல்லிக் குடுத்துருவோம்.

ஸ்காபரோ_பெடியன் | 4 பிப்ரவரி, இரவு 8:15

அண்ணை, ஏத்தினவுடன லிங்கை இஞ்ச போடுங்கோ. ஜூலையில மச்சான்ட கலியாணம், இந்த முறை டிஜே நான்தான்.